கனவு உண்டு, கணக்கு இல்லை

கணித மேதை இராமாநுஜனைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பலவற்றில் நாமகிரித் தாயாரின் கனவு தவறாது வரும், வறுமை வரும், 1729 என்ற வாடகை மோட்டாரின் எண்ணும் வரும். அவருடைய ஆராய்ச்சி மட்டும் வாராது. பாமரர்க்கு அது விளங்காதாம்! இதனை நாம் ஒப்போம்.

நான்கு தேங்காய்களை எத்தனை விதமாகக் குவிக்கலாம்? நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக 5 விதம். ஒன்பது தேங்காயெனில் 30 விதம், பதினான்கெனில் 135. இவ்வாறு நான்கிலிருந்து ஐந்தைந்தாக ஏறும் எத்தொகைக்கும், விடை 5-ஆல் மீதியின்றி வகுபடும் என்று இராமாநுஜன் 1919-ல் நிரூபித்தார். 5 முதலாகப் பகா எண் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய ஒழுங்குகள் உண்டென்று கென் ஓனோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2000-ல் நிறுவினார்.

நிரூபணம் கடினமே. ஆயினும் கண்ட உண்மை இன்னதென்பதைத் தோட்டத் தொழிலாளரும் ஒரு மாலைப்பொழுதில் எண்ணிச் சரிபார்க்கலாம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்தவர் இராமாநுஜன். அவர் கண்டதைப் பினாங்குத் துறைமுகத்துக் கிராணி அறியலாகாதோ? கனவைக் கேட்டவர் கைகூப்புவர்; கணக்கைக் கேட்டவர் சிந்திப்பர். எழுத்தாளர்காள், கணக்கைச் சொல்லுங்கள்!