மராத்தா மந்திரில் பகல் காட்சி

மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே, 1958இல் திறக்கப்பட்ட தியேட்டர் மராத்தா மந்திர். ‘முகல்-ஏ-ஆசம்’ படம் 1960இல் முதன்முதலாகத் திரை கண்டது இங்கேதான். 1995 அக்டோபரில் வெளியான ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ என்ற இந்திப் படம், முப்பது ஆண்டுகளைக் கடந்தும் இங்கே பகல் காட்சியாக ஓடுகிறது.

டிக்கெட் விலை மிகக் குறைவு. ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். படத்தில் மாண்டலின் ஒலித்ததும் விசில் பறக்கிறது. நாயகன் ஷாருக் கான் வாய் திறக்குமுன் வசனத்தை அரங்கமே சொல்லிவிடுகிறது. கடைசியில் அப்பாவாக வரும் அம்ரீஷ் புரி மகளின் கையை விட, மகளாக வரும் கஜோல் ரயிலை நோக்கி ஓட, கைதட்டலில் கூரை அதிர்கிறது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனம் பதைக்கிறது. வீட்டுத் திரையில் கதை மட்டும்தான் கிடைக்கும். அதை நேசிக்கும் கூட்டத்தையும் சேர்த்துத் தருவது தியேட்டர்தான்.