தானமும் உரிமையும்

முடியாட்சிக் கொடுமை வரலாற்றுப் பாடத்தோடு ஒழிந்ததென எண்ணுவோர் தென்னாபிரிக்காவை அடுத்துள்ள எஸ்வாத்தினியை நோக்குதல் வேண்டும்.

1973 இல் மன்னர் இரண்டாம் சோபூசா ஒரே பிரகடனத்தால் சுதந்திர நாட்டின் யாப்பை நீக்கி, அரசியற் கட்சிகளைத் தடைசெய்தார். அவர் மைந்தர் மூன்றாம் முசுவாத்தியின் ஆட்சியில், 2005 இல், புதிய யாப்பு வந்தது. கருத்துச் சுதந்திரம் அதில் உண்டு. மன்னர்மீது வழக்குத் தொடரவியலாது என்ற விதியும் உண்டு.

இவற்றுள் எது உயிருள்ளது? நீதித்துறையைக் கண்டித்து மாத சஞ்சிகையொன்றில் எழுதியமைக்காகச் சட்டத்தரணி துலானி மசெக்கோவும், அச்சஞ்சிகையின் ஆசிரியர் பெக்கி மகுபுவும் 2014 இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். மேன்முறையீட்டில் விடுதலை கிடைத்தது 2015 இலேயே. மக்களாட்சிக்காகத் தொடர்ந்து குரல்கொடுத்த மசெக்கோ 2023 சனவரியில் தம் இல்லத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

இம்முறை தம் மக்களின் மரபுக்கு ஏற்றதென்பர் அரண்மனைச் சார்பினர். மரபு மக்களுடையதாயின், அதனைக் காக்க மக்களின் வாயைக் கட்டுவானேன்?

சட்டத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவர் அளிக்கும் உரிமை, அவர் நினைத்தபோது மீட்கத்தக்க தானமே. எந்த யாப்பையும் மதிப்பிடுகையில், உரிமைப் பட்டியலை வாசிப்பதோடு நில்லாது, ஆள்பவரை நீதிமன்றுக்கு அழைக்க அது இடந்தருகிறதா என்று நாம் வினவுவோமாக.