கோவளத்துக்கு யார் குடும்ப டாக்டர்?

தமிழ்நாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு மருத்துவக் கல்லூரிகள் மட்டுமே 36 இருக்கின்றன. சென்னையை ஒட்டிய கோவளத்தை அடுத்த கேளம்பாக்கத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று உண்டு. ஆனாலும் கோவளம் குப்பத்தில் ஒரு குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் கண்டால் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதற்கு வீட்டுக்கு வீடு வேறு பதில் வரும். சாயங்கால கிளினிக்கில் டோக்கன் போட்டு, "இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?" என்று கேட்டபடி காத்திருக்கலாம். மெடிக்கல்லில் ஒரு செட் மாத்திரை வாங்கி இரண்டு நாள் பார்க்கலாம். முற்றிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. இந்த மூன்று இடத்திலும் அந்தக் குழந்தைக்குப் போன மாதம் என்ன வந்தது என்று அறிந்தவர் யாரும் கிடையாது. நம்மிடம் இல்லாமல் போனது அவர்தான்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு இரவிலும் செவிலியர் இருப்பார். வெளிநோயாளிகளை டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் பகலில்தான். விடியுமுன் கடலுக்குப் போனவர் கரை திரும்பி, மீனை ஏலம் விட்டு, வலையைச் சிக்கெடுத்து முடிக்கும்போது முற்பகல் போயிருக்கும். மீன்கூடை எடுத்துப் போகும் பெண்களுக்கும், ஓட்டல் வேலைக்கும் சிறுசேரி கம்பெனிகளுக்கும் போகிறவர்களுக்கும் கையில் மிஞ்சுவது சாயங்காலம் மட்டுமே. அந்த நேரத்தில் ஓபி சீட்டு கொடுக்க அரசுத் தரப்பில் ஆள் இல்லை. 2023 ஜூனில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நல வாழ்வு மையங்களுக்கு அரசு வகுத்த நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. உழைக்கிறவர்களின் நாளை அறிந்தவர் யாரோ போட்ட நேரம் அது. ஆனால் சென்னை மாநகராட்சி உத்தண்டியோடு முடிகிறது. கானத்தூரும் முட்டுக்காடும் கோவளமும் அதற்கப்பால் ஊராட்சிகளாக இருப்பதால், இந்த ஏற்பாடு அவற்றுக்கு வரவில்லை. ஈசிஆரில் வீட்டு வாடகையும் மனை விலையும் நகரத்துக்கு ஈடாகிவிட்டன. மருத்துவ நேரம் மட்டும் கிராமத்துக் கணக்கிலேயே நிற்கிறது.

இரண்டாவது, டாக்டர் நிலைத்திருப்பது. சுகாதார நிலையத்துக்கு வரும் இளம் டாக்டர்கள் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போய்விடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு என்பது தமிழகம் வழக்காடிப் பாதுகாத்த உரிமை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் இன்று சிறப்பு மருத்துவர்கள் இருப்பதற்கு அந்த ஒதுக்கீடு ஒரு முக்கியமான காரணம். அதே ஏற்பாடு ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒரு காத்திருப்பு அறையாக்கிவிட்டது என்பதும் உண்மை. முகம் பழகுவதற்குள் டாக்டர் மாறிவிடுகிறார்.

பணம் போகும் வழியும் இதற்குத் துணை போகிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி இன்று முதலமைச்சரின் பெயரில் நடக்கும் காப்பீடு, படுக்கையில் சேர்ந்தால் கைகொடுக்கும். சேராமல் காப்பாற்றும் டாக்டருக்கு அதில் இடமில்லை.

"பெரிய சிக்கல்தான், ஆனால் தீர்க்க முடியாது" என்பவர்களுக்குத் தமிழகமே பதில் வைத்திருக்கிறது. ஒரு பெண் கருவுற்றதும் அவளுக்குப் பிக்மி என்ற பதிவு எண் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அவளைப் பெயர் சொல்லி அழைப்பார். மாதாமாதம் ரத்த அழுத்தம் பார்ப்பார். வரத் தவறினால் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. ஒரு ஆளைப் பெயரோடு ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பிரசவமும் குழந்தையின் தடுப்பூசிகளும் முடிந்ததும் அந்தப் பொறுப்பு கைநழுவிப் போகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், விட்ட இடத்தில் மறுபடி பிடித்தது. மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2020-இல் தமிழகத்தில் எடுத்த ஆய்வில் ரத்த அழுத்தக்காரர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதமே, அடுத்த ஆய்வில் 17 சதவீதம். மெச்ச வேண்டிய ஏற்றம். இருந்தாலும் இதன் எல்லை தெளிவு: இரண்டு நோய்க்கும் சில துணைச் சேவைகளுக்கும் மேல் அது போகாது. மூட்டுவலிக்கு மெடிக்கல்லில் வாங்கிய மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று கேட்க, தன்னார்வலருக்குப் பின்னால் ஒரு டாக்டர் வேண்டும்.

கோவளத்திலேயே நடந்த ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021-இல் கொரோனா தடுப்பூசிக்கு இந்த ஊரில் ஆளே வரவில்லை. இரண்டு மாதத்தில் நூறு பேர்கூடத் தேறவில்லை. ஜூனில் தொண்டு அமைப்புகள் பிரியாணியும், குலுக்கலில் தங்கக் காசும் வாஷிங் மெஷினும் ஸ்கூட்டரும் அறிவித்த பிறகே கூட்டம் சேர்ந்தது. அந்த அமைப்புகள் செய்தது நல்ல காரியம், உயிர்கள் தப்பியிருக்கும். என் மனதை உறுத்துவது வேறு. "ஊசி போட்டா செத்துடுவாங்களாமே?" என்ற பயத்தை, பழகிய டாக்டர் ஒருவர் பத்து நிமிடத்தில் தணித்திருக்கலாம். அவர் இல்லாத இடத்தைப் பரிசுகளால் நிரப்ப வேண்டியிருந்தது.

மறுதரப்பையும் எடை போடாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. லண்டன் தமிழர்கள் சென்னைக்கு வந்தால் மூச்சு விடுகிறார்கள். அங்கே குடும்ப டாக்டரைப் பார்க்கவே காலை 8 மணிக்குப் போன் லைனுக்காக முட்டி மோத வேண்டும். "நாளைக்குக் கூப்பிடுங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 2023-இல் அந்த டாக்டர்களின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டி வந்தது. இங்கே பணம் இருந்தால் அன்று மாலையே இதய நிபுணரைப் பார்த்துவிடலாம். உண்மைதான். ஆனால் நிபுணரைச் சீக்கிரம் பார்ப்பது வேறு, நம்மை அறிந்தவரைப் பார்ப்பது வேறு. 2001 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்டர் என்ற ஏற்பாடு நடக்கும் நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களிடையே இறப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர்கள் இயல்பாகவே நலமாக இருக்கலாம் என்ற மறுப்பு எழும். ஆய்வாளர்கள் வயது, கல்வி, பழைய நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வேறுபாடு நின்றது.

நல்ல மனிதர்களை நம்பி விட்டுவிடலாமா? கல்பாக்கம் பக்கத்துக் கொடைப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஜெயச்சந்திரன், பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் தலைமுறைகளைப் பார்த்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது வடசென்னை அழுதது. அத்தகையவர் பிறப்பது நம் பேறு. அதைத் திட்டமாக எண்ண முடியாது.

என் தீர்ப்பு இதுதான். கோவளத்தின் சிரமத்துக்கு டாக்டர் எண்ணிக்கையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. நேரத்தையும் பொறுப்பையும் சரியாகப் பங்கிடாததே காரணம். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. நகரத்துக்குக் கொடுத்த மாலை 4 முதல் 8 வரையிலான நேரத்தை இந்தக் கடற்கரை ஊராட்சிகளுக்கும் நீட்டிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் டாக்டரும் செவிலியரும் வேண்டும், அந்தச் செலவு நியாயமானது. கர்ப்பிணிக்குச் செய்வது போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஊரை விட்டுப் போகாமலே குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு முடிக்க வழி செய்ய வேண்டும், வேலூர் சி.எம்.சி. பணியில் உள்ள டாக்டர்களுக்குத் தொலைநிலைக் கல்வியாக அதைப் பல ஆண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் போடும் கோவளத்தவர்களே, அடுத்த கூட்டத்தில் இதையும் எழுதுங்கள்: எங்கள் சுகாதார நிலையத்துக்குச் சாயங்கால டாக்டர் வேண்டும், அவர் பெயர் எங்களுக்குத் தெரிய வேண்டும்.