வரி முடிந்த இடம்

திருவாமாத்தூரில், அபிராமேசுவரர் கோயிலை ஒட்டிய தெருவில், நண்பர் வீட்டுத் திண்ணை. மடியில் இரண்டு கறுப்பு கிராமபோன் பிளேட்டுகள். இரண்டிலும் நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் அதே தோடி ராகம். அதே மூச்சு, அதே குழைவு. ஆனாலும் இவை இரண்டும் வெவ்வேறு காலத்து அச்சுகள். கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

முதலில் சாய்ந்த வெயிலில் பிடித்துப் பாருங்கள். அரக்கும் கற்பொடியும் கரியும் கலந்து பிசைந்த உடம்பு இது. எண்ணெய்க் காப்பு கண்ட கருங்கல்லின் ஆழ்ந்த மினுக்கம். வரிகள்மேல் வெளிச்சம் விசிறியாய் விரிந்து, தட்டைத் திருப்பத் திருப்பக் கூடவே சுழல்கிறது. ஒன்றின் நடுச்சீட்டில் பொன்னெழுத்து இன்னும் தடித்து நிற்கிறது. மற்றதில் அதுவே மெலிந்த கோடாகிவிட்டது. விளிம்பை விரலால் வருடினால் ஒன்று மழுங்கல், ஒன்று கூர்மை.

என் மனம் தங்குவது இவற்றில் அல்ல. கடைசி வரிக்கும் நடுச்சீட்டுக்கும் இடையே ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அங்கேதான். பாட்டு ஓய்ந்த அந்த மௌனத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் சில எண்கள். பதிவின் எண் இரண்டிலும் ஒன்றே. தள்ளி நிற்கும் குட்டி எழுத்து மட்டும் வேறு. மெழுகில் வெட்டிய மூலத்தின் வழியே உலோகத் தாய். தாயிலிருந்து அழுத்தும் அச்சு. அச்சு தேய்ந்தால் அதே தாயிலிருந்து இன்னொன்று. எந்த அச்சின் பிள்ளை என்று அந்த ஓரெழுத்து சொல்லிவிடுகிறது. இங்கிலாந்து ஈ.எம்.ஐ. ஆலையில் இதற்கு ஓர் அழகான வழக்கம் இருந்தது: கிராமபோன் கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து எண்களாக்கிக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. தன் பெயரையே வாய்பாடாக்கிய தொழில்!

இவ்வூர் வட்டப்பாறையின் முன் பொய்ச்சத்தியம் செய்ய அஞ்சுவார்கள். இந்தச் சிறு வட்டத்தின் முன்னும் எனக்கு அதே அடக்கம் வருகிறது.

வானொலி நிலையங்களுக்கென்றே வார்த்த தட்டுகளைக் கண்டால் இன்னும் சொக்கிப்போவீர்கள். தாம்பாளம்போல் 16 அங்குல அகலம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் கால் மணி நேரம். சிலவற்றில் ஊசி உள்ளிருந்து வெளியே நடக்கும். நடுவை நெருங்க நெருங்க ஒலி சற்று மங்கும் என்பதால், ஒரு பக்கம் உள்ளே வந்து முடிந்தால் அடுத்த பக்கம் உள்ளேயே தொடங்கும். தட்டு மாறியது கேட்பவர் காதுக்குத் தெரியாது. எங்கோ வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருக்கும் ஒருவருக்காக எவ்வளவு கரிசனம்! அச்சே காணாமல், அலுமினியத் தகட்டின் அரக்குப் பூச்சில் ஒரே ஒருமுறை வெட்டியவையும் உண்டு. அவற்றுக்கு உடன்பிறப்பே கிடையாது.

என் மடியிலிருப்பவை உடன்பிறந்தவை. விளக்கு வைக்கும் நேரம். நண்பர் உள்ளே கிராமபோனுக்குச் சாவி முடுக்குகிறார். அந்தக் குட்டி எழுத்தைக் கட்டைவிரலால் இன்னொருமுறை தடவிவிட்டு மூத்ததை முதலில் நீட்டுகிறேன்.