ஒப்பினெல் எட்டாம் எண் பேனாக்கத்தி

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கெல்லையில், ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த சவோய் பிராந்தியத்தில், கோடரி முதலிய வெட்டுக் கருவிகளை அடித்து ஜீவனம் நடத்திவந்த ஒப்பினெல் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதிலேயே, 1890-ல், ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த பேனாக்கத்தியின் நேர் வாரிசுதான் இப்பொழுது என் கையில் இருப்பது. 1897-ல் அவர் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கத்திகளை வெளியிட்டார். அவற்றுள் உள்ளங்கைக்கு மிகவும் இசைவானது, எட்டரை சென்டிமீட்டர் அலகுடைய எட்டாம் எண் என்பது என் அபிப்பிராயம். அலகில் பொறித்துள்ள, கிரீடம் சூடிய கை முத்திரை 1909-ல் பதிவாயிற்று.

இக்கத்தியின் விசேஷம் இதன் எளிமை. பீச் மரப் பிடி, அலகு, ஆணி, பிடியின் வாயைக் கவ்விய உலோகப் பூண் ஆகிய நான்கே உறுப்புகளோடு அது அறுபதாண்டுகளுக்கு மேல் உழவரிடமும் இடையரிடமும் புழங்கியது. நுனியை அழுத்திக் குடையும்போது அலகு மடங்கி விரலை அறுக்கும் அபாயத்தை நீக்கும் பொருட்டு, அக்குடும்பத்தின் மார்செல் ஒப்பினெல் 1955-ல் பூணின்மேல் சுழலும் வளையமொன்றைச் சேர்த்தார். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், அதன் பிளவு அலகின் கூர்ப்புறமிருந்து விலகிவிட, அலகு அசையாது நிற்கிறது. வில் இல்லை, விசை இல்லை, கெடுவதற்கு ஒன்றுமே இல்லை! இதைவிடச் சிக்கனமான பூட்டை எந்த மடக்குக் கத்தியிலும் நான் கண்டதில்லை.

குறை மரத்தில் இருக்கிறது. ஈரம் ஏறினால் பிடி உப்பி அலகை இறுகப் பற்றிக்கொள்வதால், நகம் பதிக்கும் பள்ளத்தைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் கத்தி திறப்பதில்லை. அப்போது வளையத்தை விலக்கிப் பிடியின் அடிப்பாகத்தை மேசையில் தட்டினால் அலகின் முதுகு சற்றே வெளிப்படும். இந்த உபாயத்திற்குச் சவோய்க்காரர் தட்டு என்றே அங்கு பெயர்.

கரிம எஃகு அலகு, துருப்பிடிக்காத எஃகு அலகு என இருவகையில் இது கிடைக்கிறது. முன்னது எலுமிச்சம்பழம் நறுக்கினாலே கறுக்கும், நனைந்தபடி விட்டால் துருவேறும். ஆயினும் சாணைக்கல்லில் சில இழுப்புகளிலேயே அது பெறும் கூர்மை, மாம்பழத் தோலை நாடாபோல் உரித்தெடுக்கிறது. சமையலறைக்கு மட்டும் வேண்டுவோர் பின்னதை வாங்கலாம். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவும் வழக்கம் உள்ளவர்களுக்குக் கரிம எஃகையே நான் சிபாரிசு செய்வேன்.