காமன் கூத்தில் தப்பிசைப்போன்

மேல்நாட்டுப் பல்லியக் குழுக்களிலே, செம்பினாலாகிய பெருங்குட முழவுகளை இயக்குவோன் அரங்கின் கடைசி வரிசையில் நிற்பான். நம் கோயில் நகராவுக்கு அவை உறவுடையன. வயலின் வாசிப்போர் ஓயாது வில் இழுக்க, அவனோ நெடும்பொழுது வாளாவிருந்து எண்ணிக்கொண்டே நிற்பான். ஆயினும் அவன் ஓரடி தவறினால் குழு முழுவதும் தடுமாறும். பீத்தோவன் 1806இல் இயற்றிய வயலின் இசைக்கோவை, வயலினால் அன்றி இம்முழவின் மெல்லிய அடிகளாலேயே தொடங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது. பக்கவாத்தியம் என்னும் சொல் அத்தகையோனுக்குப் பொருந்தாது.

நம் மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் நிகழும் காமன் கூத்திலே தப்பிசைப்போனுக்கு உள்ள இடமும் இத்தகையதே என்பது எம் கருத்து. கூத்தைப் பற்றி எழுதுவோர் ரதியின் ஒப்பாரியையும் மன்மதனின் ஒப்பனையையும் விரிவாக ஆராய்கின்றனர். தப்பினைப் பற்றி ஒரு வரியோடு அமைகின்றனர். இது குறையே.

தப்பு என்பது மரவளையத்தில் தோலை இறுகப் போர்த்திய எளிய கருவி. வலக்கையில் தடித்த குறுங்குச்சி. இடக்கையில் மெல்லிய நெடுங்குச்சி. மேல்நாட்டு முழவைத் திருகாணியாலோ மிதியாலோ சுருதி கூட்டுவர். தப்புக்குச் சுருதி கூட்டுவது தீயே. 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் மாசிப் பனியில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். ஆதலின் கூத்துக் களத்தின் ஓரத்தில் சருகு மூட்டி, ஒருவர் காய்ச்சிக்கொண்டிருக்க மற்றவர் அடிப்பர். ஆட்டம் நிற்பதில்லை. பனியோடு இவ்வாறு மல்லாடும் கலைஞர் வேறெங்கும் மிகுதியாக இலர்.

இனிக் கூத்தினுள் நுழைவோம். ரதி மன்மதன் திருமணம், தவம் கலைத்தல், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிதல், ரதியின் புலம்பல் எனக் கதை செல்கிறது. தோட்டத்து மக்களின் வாழ்வில் தெய்வத்துக்கு ஓர் அடி, மணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி எனத் தப்புக்கு வெவ்வேறு அடிகள் உண்டு. அவற்றைப் பிறந்த நாள்முதற் கேட்ட செவிகளே களத்தைச் சூழ்ந்துள்ளன. மணவடி மாறிச் சாவடி எழுந்தவுடன், ரதி வாய் திறக்குமுன்பே கிழவிகள் முந்தானையால் கண் துடைப்பதை யாம் கண்டதுண்டு. நடிகன் சொல்லப்போவதைத் தப்பு முன்னரே சொல்லிவிடுகிறது. வாத்தியார் பாடும்போது அடங்கி, அடி முடிவில் எழுந்து, ஆடுவோனின் காலை இழுத்துச் செல்வதும் அதுவே.

இக்கருவியின் மற்றொரு வரலாறும் உண்டு. விடியற்காலையில் லயத்து மக்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய புகழ்பெற்ற கவிதையின் தொடக்கத்திலேயே அவ்வொலி கேட்கிறது. துரைமாரின் வேலைக்கு ஏவிய கருவியே இரவில் தெய்வத்தை எரித்தது! தொல்காப்பியம் பறையைத் திணையின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணிற்று. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை உரியது என்பர். அத்தகைய பழம்பெருமை உடைய கருவியை இசைப்போரை, சாதியின் பெயரால் களத்தில் வேண்டுவோராகவும் வாயிலில் வேண்டாதோராகவும் நம்மவர் நடத்தினர். அவர்தம் பிள்ளைகளிற் சிலர் தப்பைத் தொட மறுப்பதற்கு நாகரிக மோகத்தைக் காரணமாகச் சொல்வது நேர்மையன்று. இழிவைக் கருவியோடு சேர்த்துக் கட்டியவர் யார்?

அண்மையில் பாடசாலை மேடையொன்றில் இக்கூத்தைச் சுருக்கி ஆடக் கண்டோம். ஒப்பனை சிறப்பு, பாடலும் பிழையின்று. ஆனால் தப்பிசைப்போர் இருவரைத் திரையின் மறைவில் அமர்த்தியிருந்தனர். அவர்கள் ஆடுவோரைக் காணவில்லை. ஆடுவோரும் அவர்களைக் காணவில்லை. காமன் எரிந்த கணத்தில் அடி பிந்திற்று. சபையோர் சிரித்தனர். குற்றம் இசைப்போருடையதன்று, அவரை மறைத்த அமைப்பாளருடையது. தோட்டத்துக் களத்திலே தப்பிசைப்போன் ஆடுவோனுக்கு எதிரே நின்று, அவன் முகத்தை நோக்கியே அடிக்கின்றான். அடுத்த ஆண்டு மேடையேற்றுவோர் முதலில் அத்திரையை அகற்றுவாராக. தோல் காய்ச்சுவதற்கு மண்டபத்தின் வெளியே சிறிது தீயும் மூட்டித் தருவாராக.