நூற்பட்டியலும் ஆய்வாளரும்: திருகோணமலையின் இரு நாவல்களை முன்வைத்துச் சில கருத்துகள்

நூற்பட்டியல் என்பது நூல்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தித் தரும் நடுநிலையான கருவி என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பட்டியல், அட்டைப்பெட்டியிலிருந்து கணினித்திரைக்கு மாறிய பின்னர் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றுள்ளது. அட்டைகளைப் புரட்டிய மாணவர், அவற்றை யாரோ ஒருவர் எழுதி அடுக்கினார் என்பதையேனும் கையெழுத்தைக் கண்டு உணர்ந்தார். திரையில் ஒரு சொல்லைத் தட்டி விடைபெறும் மாணவருக்கு அவ்வுணர்வும் இல்லை. விடை வந்தால் நூல் உண்டு. வராவிடின் நூல் இல்லை. 'இத்தலைப்பில் மூலங்கள் எவையும் கிடைத்தில' என்ற வாக்கியத்தைத் தாங்கி வரும் ஆய்வு முன்மொழிவுகளை நாம் அடிக்கடி வாசிக்க நேர்கின்றது. திருகோணமலையைப் பற்றியவை அவற்றுள் குறைவல்ல.

இணையவழி நூற்பட்டியல்களையும் தரவுத்தளங்களையும் கையாளக் கற்றல் இன்று ஆய்வுப் பயிற்சியின் முதற்படியாகும். இதனை மறுப்பது பழைமைவாதமேயன்றி வேறன்று. ஆயினும், எவ்விசையை அழுத்துவது என்பதைக் கற்பித்துவிட்டு, அப்பட்டியல் எவருடைய தேவைக்காக, எத்தகைய உழைப்பினால் உருவாயிற்று என்பதைக் கற்பியாது விடுவோமாயின், நாம் உருவாக்குவது ஆய்வாளரை அல்ல, பட்டியலின் நுகர்வோரையே. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழி நோக்குவோம்.

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பேசுவோர் வழமையாக மூன்று நூல்களைக் குறிப்பிடுவர்: சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' (1885), எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891), தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895). பின்னைய இருவரும் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதிலிருந்து பதினாறு ஆண்டுகளுக்குள் பிரித்தானியக் கடற்படையின் துறைமுக நகரொன்று இரு நாவலாசிரியர்களைத் தந்துள்ளது. அந்நகரின் சமூக உருவாக்கத்துக்கும் இவ்விலக்கிய வடிவத்துக்கும் யாது தொடர்பு என்பது நல்லதோர் ஆய்வு வினா. திருமலை மாணவி ஒருவர் இவ்வினாவோடு கணினி முன் அமர்கின்றார் எனக் கொள்வோம்.

முதலில் அவர் ஊரின் பெயரைத் தேடுவார். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை எனத் தமிழிலேயே எழுத்து வேறுபாடுகள் உள. ஊரார் வழங்கும் 'திருமலை' என்ற பெயரை இட்டால் திருப்பதியும் மதுரைத் திருமலை நாயக்கரும் வரிசையில் வந்து நிற்பர். (மோகனாங்கியின் கதை அத்திருமலை நாயக்கரின் பேரனாகிய சொக்கநாத நாயக்கரின் காலத்தது என்பதால், இத்தவறான வழியும் எப்போதாவது சரியான இடத்திற் கொண்டு சேர்க்கக்கூடும், ஆயினும் அதனை முறையியல் எனல் இயலாது.) ஆங்கிலத்திலோ பழைய வரைபடங்களும் அறிக்கைகளும் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களைக் கையாண்டன. இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே செய்யத்தக்கது.

அடுத்து ஆசிரியர் பெயர். மேலைநாட்டுப் பெருநூலகங்கள் பல, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றித் தமிழ் நூல்களை உரோமன் எழுத்தில் பதிந்துள்ளன. அம்முறையில் சகரம் ஆங்கில 'சி' எழுத்தாலேயே குறிக்கப்படும். நம்மவர் தம் பெயரை எழுதும் வழக்கப்படி 'எஸ்' எழுத்தில் தொடங்கிச் சரவணமுத்துப்பிள்ளையைத் தேடுபவர், நூல் அடுக்கில் இருக்கவே வெறுங்கையோடு திரும்ப நேரும். 'ஊசோன் பாலந்தை' இன்னும் சிக்கலானது. இரட்டைச் சகோதரர் இருவரைப் பற்றிய பழைய ஐரோப்பிய வீரகாதையின் தழுவல் அது. வலன்ரைன், ஓர்சன் என்ற பெயர்கள் போர்த்துக்கேயத் தொடர்பின் வாயிலாக இவ்வுருவை அடைந்திருத்தல் கூடும். மூலக்கதையின் ஆங்கிலப் பெயரால் தேடுபவர் இத்தமிழ் நூலை எளிதில் அடையார். தமிழ்ப் பெயரால் மட்டும் தேடுபவர் ஐரோப்பிய மரபை அடையார். இரண்டையும் இணைப்பது கணினியன்று, வாசிப்பே.

மூன்றாவது இடர் மிக நுண்ணியது. ஈழத்து நாவல் என்பதால் மாணவி தேடலை 'வெளியீட்டிடம்: இலங்கை' எனச் சுருக்குகின்றார். அக்கணமே மோகனாங்கி மறைந்துவிடும். அது சென்னையில் அச்சான நூல். இந்நூல் பிற்காலத்திற் சுருக்கப்பட்டு, சொக்கநாதரின் பெயரைத் தலைப்பிற் கொண்டு மாணவருக்கான நூலாகவும் வெளிவந்தது. இரு பதிவுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாத பட்டியலில் அவை தொடர்பற்ற இரு நூல்களாகவே தோன்றும்.

இவ்விடர்களைத் தொழில்நுட்பக் குறைபாடுகள் என்று மட்டும் கொள்வது மேம்போக்கானது. இவற்றின் பின்னால் வரலாறு உண்டு. ஜோன் மேடொக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல், தமிழர் எதனை வாசிக்கின்றனர், அதற்கு எதிராக மிஷன்கள் எதனை அச்சிட வேண்டும் என்பதை அறியும் தேவையிலிருந்து பிறந்தது. இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 1885ஆம் ஆண்டு அச்சகத்தார் வெளியீட்டாளர் கட்டளைச் சட்டமும் அச்சிடப்பட்ட ஒவ்வொரு நூலையும் அரசின் பதிவுக்குள் கொணர்ந்தன. அசன்பேயுடைய கதை வெளிவந்ததும் அதே 1885 என்பது மனங்கொள்ளத்தக்கது. ஈழத்து நாவல் பிறந்தபோதே அதனைக் கண்காணிக்கும் பதிவேடும் திறக்கப்பட்டிருந்தது. பார்னெற், போப் ஆகியோர் 1909இல் தொகுத்த பிரித்தானிய நூதனசாலைத் தமிழ் நூற்பட்டியலும் அப்பேரரசின் சேகரிப்பிலிருந்தே எழுந்தது. இன்றைய இணையப் பதிவுகள் பல, பழைய அச்சுப் பட்டியல்களையும் அட்டைகளையும் பெயர்த்தெழுதியவையே. ஆட்சியாளரின் கண், மின்னெழுத்திலும் தொடர்கின்றது.

வகுப்புமுறையின் கருத்துநிலையும் அத்தகையதே. டூயி 1876இல் வெளியிட்ட தசம முறையில் சமயத்துக்கான நூறு எண்களுள் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. ஏனைய சமயங்கள் யாவும் இறுதிப் பத்துள் அடைபட்டன. தமிழ் இலக்கியம், 'பிற மொழிகள்' என்ற பகுதியுள் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களால் குறிக்கப்படும். சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1933இல் கோலன் வகுப்புமுறையை வெளியிட்டமை தனித் தொழில்நுட்பச் சாதனை மட்டுமன்று. எனினும் நம் நூலகங்களில் நிலைபெற்றது டூயியின் முறையே.

சரவணமுத்துப்பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. அவர் சென்னை மாநிலக் கல்லூரியின் கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராகப் பணியாற்றியவர். பிறர் நூல்களைப் பேணிய அவரது நாவல் நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. அண்மைக்காலத்திற்றான் மறுபதிப்புக் கண்டது. இடைப்பட்ட காலத்தில் தமிழின் முதல் வரலாற்று நாவல் அது என எழுதியோர் பலர். வாசித்து எழுதியோர் சிலரே. இவ்விடயத்தில் முற்போக்கு விமரிசகர்களாகிய நாமும் குற்றவாளிகளே. நாவலை வர்க்க எழுச்சியோடு பொருத்திப் பேசிய நாம், பிரதியைத் தேடிச் செல்லாது முன்னோர் தந்த ஆண்டையும் தலைப்பையும் கொண்டு நிறைவடைந்தோம். 'முதலாவது எது' என்ற நமது விவாதம் பெரும்பாலும் பட்டியலின் மீதான விவாதமே, இலக்கியத்தின் மீதானதன்று. 1892இல் 'தத்தை விடு தூது' பாடிப் பெண்ணின் நிலையைப் பேசிய ஒருவர், மோகனாங்கியில் அரசகுலப் பெண்ணை எவ்வாறு படைத்தார் என்ற வினா இதனாற் பின்தள்ளப்பட்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த பின்னர், நம்மிடையே பட்டியற் பணி புதிய பொருள் பெற்றது. என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்', 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் என்பன ஆட்சியாளரின் கணக்கெடுப்பிலிருந்து அன்றி, இழந்த சமூகத்தின் தேவையிலிருந்து எழுந்தவை. இவற்றை நாம் போற்றுதல் தகும். ஆயின் இவையும் ஊதியமற்ற உழைப்பிலும் நன்கொடையிலும் தங்கியுள்ளன என்பதை மறைத்தலாகாது. மறுபுறம், மேலைநாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளங்கள் பல, நம் கரையோரத்தில் நடந்த களஆய்வின் பயனை நமக்கே சந்தாவுக்கு விற்கின்றன. தகவல் தந்தவர் வீட்டுக்கும் அக்கட்டுரைக்கும் இடையில் கட்டணச் சுவர் நிற்கின்றது.

நாவல்களை ஈன்ற துறைமுகத்துக்கு வருவோம். பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியலில் கடற்படைத் தலைமையகத்தின் ஆவணத் தொகுதிகளைத் திருகோணமலை என்ற பெயரால் தேடலாம். அப்பதிவுகளின் தலைப்புகள் நிறுவனத்தின் மொழியில் அமைந்தவை: கப்பல், தளம், எண்ணெய், பாதுகாப்பு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமைக்கும், 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமைக்கும் அங்கு தடங்கள் உண்டு. சீனன்குடா எண்ணெய்க் குதங்களிலும் கப்பற்கட்டுமிடத்திலும் உழைத்த தமிழரும் சிங்களவரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் அம்மொழியில் 'உள்ளூர்த் தொழிலாளர்' என்ற ஒரு சொற்றொடருள் அடங்குவர். மாணவி தேட வேண்டியது தொழிலாளரின் பெயரை அன்று. கூலி, விடுதி, விபத்து, ஆட்குறைப்பு முதலிய நிர்வாகச் சொற்களை. எதிரியின் சொல்லகராதியைக் கற்றே எதிரியின் ஆவணத்தை வாசித்தல் இயலும்.

அதன் பின்னரும் எஞ்சுவன பல. தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கோயில் விழா மலர், கத்தோலிக்க நாட்டுக்கூத்தின் கையெழுத்துப்படி, ஓய்வுபெற்ற தொழிலாளியின் சேவைச் சான்றிதழ் ஆகியன எத்தரவுத்தளத்திலும் ஏறாமல் உட்துறைமுக வீதியின் வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் கிடத்தல் கூடும். பல்லாண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆவணங்கள் கணினியில் இருந்தும் ஒருங்குறித் தேடலுக்கு அகப்படா. படமாக மட்டும் வருடப்பட்ட பக்கமும் அவ்வாறே. இப்பெட்டிகளைத் திறக்கும் மாணவர் முதற்கண் செய்ய வேண்டியது கட்டுரை எழுதுவதன்று. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, அச்சியந்திரசாலை, ஆண்டு, பக்கம், எவர் வீட்டில் எந்நாளில் காணப்பட்டது என்பவற்றை, ஊரின் எல்லாப் பெயர் வடிவங்களோடும், ஒருங்குறியில் பதிந்து பொதுவில் வைத்தலே முதற்பணி. அச்சியந்திரசாலையின் பெயர் கிழிந்துபோயிருப்பின் 'கிழிந்துள்ளது' என்றே எழுதுக. ஊகத்தை இடுவோமாயின், அடுத்த ஐம்பதாண்டுக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.